எங்கள் வீட்டுக் கை

உட்காருங்கள் ஐயா, அந்தக் கல் மேல் உட்காருங்கள். படகு இப்போதுதான் அக்கரைக்குப் போயிருக்கிறது, திரும்பி வர நேரமாகும். அதற்குள் உங்கள் தாடி வேலை முடிந்துவிடும். ரொம்ப தூரத்திலிருந்து வருகிறீர்கள் போலிருக்கிறது. வண்டிக் கூட்டத்தோடு நடந்து வருகிறவர்கள் தாடியில்தான் இப்படிச் செம்மண் அடைந்துபோயிருக்கும். முதலில் தண்ணீர் விட்டு ஊற வைக்கிறேன். அவசரப்பட்டால் எரியும்.

கத்தியைப் பார்க்கிறீர்களா? நன்றாகப் பாருங்கள். பிடி யானைத் தந்தம். ஆற்றுத்துறையில் உட்கார்ந்து சவரம் செய்கிறவனுக்குத் தந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். திருடியது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அரசர் கொடுத்தது ஐயா. வேணுகடகத்து அரசர், சாலகர் வம்சத்துக் கடைசி அரசர், பிருதுசாலகர், தம் கையாலேயே கொடுத்தார். பதினாறு வருஷம் அவருக்கு நான்தான் சவரம். அவருடைய தகப்பனாருக்கு என் தகப்பனார். அதற்கு முன்னால் என் பாட்டனார், அவருக்கும் முன்னால் அவருடைய தகப்பனார். நூற்று முப்பது வருஷம் அந்த வம்சம் ஆண்டது, நூற்று முப்பது வருஷமும் எங்கள் குடும்பத்துக் கைதான் அவர்கள் முகத்தில். பூதிலன் என்று என் பெயர். வேணுகடகத்தில் கேட்டால் இன்றைக்கும் தெரியும். தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.

தலையை நேராக வையுங்கள். ஆமாம், அப்படித்தான்.

பிருதுசாலகர் அருமையான அரசர். தலையை அசைக்கவே மாட்டார். அவரைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள். யானைப்படையைக் கவனிக்கவில்லை, எல்லைக் காவலை விட்டுவிட்டார், எந்நேரமும் யாழ்க்காரர்களோடு உட்கார்ந்திருந்தார், அதனால்தான் படை அவரை விட்டுப் போனது என்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. சேனாபதி கரவீரன் இருக்கிறானே, இப்போது அங்கே அரசனாக இருப்பவன், அவன் நாற்காலியில் ஒரு நொடி சும்மா இருக்க மாட்டான். கண்ணை அங்கே ஓட்டுவான், இங்கே ஓட்டுவான். கத்தி வைக்கவே பயமாக இருக்கும். ஆனால் பேச்சுக் கொடுப்பான். அதைச் சொல்ல வேண்டும். அரசருக்குச் சவரம் செய்தால் வாயே திறக்க மாட்டார், சேனாபதியோ பெண்டாட்டி சௌக்கியமா, மாடு கன்று போட்டதா என்றெல்லாம் கேட்பான். பெரிய மனுஷன் நம்மிடம் பேசினால் நமக்கும் பேசத் தோன்றும் இல்லையா?

அரசர் படைகளைப் பார்வையிடுகிற அணிவகுப்பு ஒன்று இருந்தது, அதற்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கோடை. காற்றே இல்லை. "இந்த வெயிலில் அரசர் கவசம் போட்டுக்கொண்டு எப்படித்தான் நிற்கப்போகிறாரோ, பாவம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். "கவசமா? அவர் எங்கே போடுகிறார்? மார்பெல்லாம் வேர்க்குரு. இரும்பு பட்டால் உயிர் போகிறது என்கிறார். மேலே பட்டு, உள்ளே சந்தனம், அவ்வளவுதான்" என்றேன். "அப்படியா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. பிறகு என் மாட்டைப் பற்றிக் கேட்டான்.

கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா ஐயா? நீங்களே சொல்லுங்கள். வேர்க்குரு என்ன ராஜ ரகசியமா?

அணிவகுப்பு நாள் காலையில் அரசருக்கு நான் செய்த சவரம் மாதிரி அதற்கு முன் செய்ததில்லை. கன்னம் தாமரை இலை மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, வாயே திறக்காத மனிதர், "நன்றாயிருக்கிறது பூதிலா" என்றார். கோட்டைக்கு வெளியே பெரிய மைதானம். எல்லாப் படையும் வரிசையாக நிற்கிறது. அரசர் மேடையில். அவருக்குப் பின்னால் குடைக்காரன், அவனுக்குப் பின்னால் துண்டும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு நான். கரவீரன் மேடைக்குக் கீழே வந்து வணங்கி, "புதிய வில்லாளிகளைப் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும்" என்றான். அரசர் இறங்கிப் போனார். காலில் விழுவது போலக் குனிந்தான். எழுந்திருக்கும்போது கையில் வாள் இருந்தது. கீழிருந்து மேலாக ஒரே குத்து. பட்டு கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை ஆயிரம் பேர் நின்ற மைதானத்தில் வேறு சத்தமே இல்லை. பிறகு வில்லாளிகள் "கரவீரர் வாழ்க" என்றார்கள். ஒரு வரிசை சொன்னது, அடுத்த வரிசை சொன்னது, கடைசியில் குடைக்காரனும் சொன்னான். குடையை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சொன்னான்.

நானும் சொன்னேன். எல்லோரும் சொல்லும்போது நான் மட்டும் என்ன செய்வது?

அரசர் மல்லாந்து கிடந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் படவில்லை. காலையில் மழித்த கன்னம் அப்படியே இருந்தது.

மதியத்துக்குள் அரண்மனையில் சாலகர் ரத்தம் ஓடுகிற எல்லோரையும் முடித்துவிட்டார்கள். பதினேழு பேர். அரசருடைய சிற்றப்பா கண் தெரியாதவர், எண்பது வயது, அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் மதில் மேலிருந்து போட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளை என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டாம். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். ஒருவன் மட்டும் அகப்படவில்லை. அரசருடைய தம்பி நந்திலன். இருபத்திரண்டு வயது.

நந்திலனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுமனை. எங்கள் குலத்துப் பெண்கள்தானே ஊரில் பிரசவம் பார்ப்பது. அந்தப்புரத்துக்கும் அவள்தான் மருத்துவச்சி. நந்திலனைப் பெற்ற மகாராணி பிரசவத்திலேயே போய்விட்டாள். அந்த வாரம்தான் எங்களுக்கும் ஒரு ஆண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் போயிருந்தது. எங்களுக்கு அதற்குப் பிறகு குழந்தையே இல்லை. சுமனைக்குப் பால் கட்டி ஜுரம். அந்த ஜுரத்தோடு அவள் அந்தப் பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். இரண்டு வருஷம் அவள் பால்தான். ராஜகுமாரன் எங்கள் வீட்டு முற்றத்தில் தவழ்ந்தான் ஐயா. முதல் முடி நான்தான் இறக்கினேன். அவளை அம்மா என்பான். என்னைக் கத்தியப்பா என்பான். வளர்ந்து குதிரை ஏறின பிறகும், ஆள் இல்லாத இடத்தில் பார்த்தால் கத்தியப்பாதான்.

இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுங்கள். காதோரம் முடி அடர்த்தி.

அரசர் இறந்த அன்று சாயங்காலம்தான் வீட்டுக்கு வர முடிந்தது. சுமனையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவசத்தைப் பற்றிச் சேனாபதி கேட்டதையும் சொன்னேன். "நான் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதை அவன் எப்படிப் பிடித்துக்கொண்டான் பார்த்தாயா? என்ன மூளை அவனுக்கு!" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து விளக்கேற்றப் போனாள்.

என் பெட்டியைத் திறந்தால் பழைய கத்தி ஈரமாக இருக்கிறது. "யாருக்கடி மழித்தாய்?" என்று கேட்டேன். அந்தப்புரத்து விதவைகளுக்கு அவள்தான் தலை மழிப்பாள், அதற்கு அந்தப் பழைய கத்திதான். நானே கற்றுக்கொடுத்தது. "பக்கத்துத் தெருவில் ஒருத்தி" என்றாள். அன்றைக்கு ஊரில் விதவைகளுக்கா பஞ்சம்? நான் நம்பிவிட்டேன். "துடைத்து வைக்க மாட்டாயா, துருப்பிடிக்காதா?" என்று நான்கு வார்த்தை திட்டினேன். அவள் வாங்கித் துடைத்து வைத்தாள்.

முப்பது வருஷம் ஐயா. முப்பது வருஷம் ஒரே பானைச் சோறு. சொல்லவில்லை. என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் புதிய அரசருக்குச் சவரம் செய்யக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். "போகாதீர்கள். கையில் அடிபட்டுவிட்டது என்று சொல்லி அனுப்புகிறேன்" என்றாள். "பைத்தியமா உனக்கு?" என்றேன். "வம்சம் போகும், வரும். தாடி வளராமல் இருக்குமா?" என்றேன். கரவீரன் நன்றாகத்தான் நடத்தினான். கோட்டைக்குள்ளேயே வீடு தருவதாகச் சொன்னான். திரும்பி வந்து அதைச் சொன்னால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வேண்டுமே? இல்லை. மாவு அரைத்துக்கொண்டே இருந்தாள்.

நந்திலனைப் பதினோரு நாள் தேடினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். குதிரைக் கொட்டடியில் ஒளிந்திருந்தான் என்று யாரோ சொல்ல, கொட்டடிக்காரர்கள் ஏழு பேரைக் கழுவில் ஏற்றினார்கள். கிழக்கு வாசல் வழியாகப் போனான் என்று யாரோ சொல்ல, அந்த வாசல் காவலர்கள் கண்ணைப் பிடுங்கினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு சேதி வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் குன்றின் மேல் பௌத்தத் துறவிகள் தங்குகிற விகாரம் ஒன்று இருக்கிறது. அங்கே பிச்சைக்கு வருகிற பிக்குகளில் ஒரு புதிய முகம் தெரிகிறது என்று.

கரவீரன் என்னைக் கூப்பிட்டான். எதற்கென்று நினைக்கிறீர்கள்? நாற்பது பிக்குகள். எல்லோருக்கும் ஒரே காவி, எல்லோருக்கும் மொட்டைத் தலை. புருவத்தைக்கூட மழித்திருக்கிறார்கள். நந்திலனுக்குப் பதினோரு நாளாக அரைப்பட்டினி வேறு, முகமெல்லாம் ஒட்டிப்போயிருக்கும். அரண்மனைக்காரர்கள் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்கிறார்கள். தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ. அவர்களுக்குத் தலைவரான மூத்த தேரர் இருக்கிறாரே, அவரைக் கேட்டால், "இங்கே வந்தவர்களுக்குத் தகப்பன் பெயரும் கிடையாது, வம்சமும் கிடையாது" என்கிறார். அவருடைய விரலை ஒவ்வொன்றாக ஒடித்தும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"பூதிலா, உனக்கு அவன் தலை தெரியுமா?" என்று கேட்டான் கரவீரன்.

"என் உள்ளங்கை மாதிரி தெரியும்" என்றேன். உண்மைதானே.

"அப்படியானால் நீ வந்து காட்டு. அவன் ஒருவன் எனக்குக் கிடைத்தால் போதும். மற்ற முப்பத்தொன்பது பேரும் அவரவர் மணையில் உட்கார்ந்து ஜபம் செய்யட்டும். நீ காட்டாவிட்டால் நாற்பது பேரையும் சேர்த்து முடிக்க வேண்டியதுதான். எனக்கு வேறு வழி இல்லை" என்றான்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊரில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள். முப்பத்தொன்பது உயிர் ஐயா. அது என் கையில் இருந்தது.

படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். நடுப்பகல். விகாரத்து முற்றத்தில் கல் சுடுகிறது. நாற்பது பேரையும் வரிசையாக உட்கார வைத்து, முகத்தைத் திருப்பி மேற்கே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் பின்பக்கமாகப் போனேன். முகம் எனக்கு வேண்டியதில்லை. முகம் பொய் சொல்லும். தலை சொல்லாது. ஒவ்வொரு தலையாக உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். ஒருவனுக்குப் பின்மண்டை தட்டை. ஒருவனுக்கு உச்சியில் பழைய சிரங்கு. ஒரு கிழவர் தலை சுரைக்காய் மாதிரி. வெயிலில் எல்லாத் தலையும் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் அழுதுகொண்டிருந்தான், தலை குலுங்கியது, பிடித்து நிறுத்தித்தான் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டே பின்னால் ஒரு வீரன் வந்தான்.

இருபத்து மூன்றாவது தலையில் கை வைத்தேன். இரட்டைச் சுழி. இடது பக்கம், காதுக்கு மேலே ஒரு பள்ளம். ஐந்து வயதில் எங்கள் வீட்டு ஊஞ்சலிலிருந்து விழுந்தது.

அவன் அசையவில்லை. மேற்கே பார்த்தபடியே, உதடு கூட அசையாமல் சொன்னான். "கத்தியப்பா, தாண்டிப் போ."

எனக்கு மட்டும்தான் கேட்டது.

தாண்டிப் போகத்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, கை நின்றுவிட்டது. பின்னால் வந்த வீரன் எண்ணுவதை நிறுத்தினான். கரவீரன் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இவனா?" என்றான்.

முப்பத்தொன்பது உயிர். அதை நினைத்தேன். "ஆமாம்" என்றேன்.

இரண்டு பேர் வந்து அவன் கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். அவன் அப்போது திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், கோபம் இல்லை.

கரவீரன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். அரசன் ஐயா. நாவிதன் தோளில், அத்தனை வீரர்களுக்கு நடுவில். "எப்படியடா கண்டுபிடித்தாய்? எல்லாம் ஒரே மொட்டையாகத்தானே இருக்கிறது?" என்றான்.

சுழியும் பள்ளமும் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம் தொழிலைப் பற்றி ஒருவன் அக்கறையாகக் கேட்கும்போது அரைகுறையாகச் சொல்ல மனம் வருமா? "மகாராஜா, இந்தப் பிக்குகள் ஒருவருக்கொருவர் மழித்துக்கொள்கிறவர்கள். பிடரியிலிருந்து மேலே ஏற்றுவார்கள், வெறும் தண்ணீர், வரி வரியாகத் தெரியும் பாருங்கள். இவர் தலையைப் பாருங்கள். இது முதல் தடவை மழித்த வேலை. அதற்கு மேல் பதினோரு பன்னிரண்டு நாள் முடிதான் வளர்ந்திருக்கிறது. நெற்றியிலிருந்து உச்சிக்குப் போயிருக்கிறது கத்தி. காதுக்குப் பின்னால் பிறை மாதிரி வளைத்து எடுத்திருக்கிறது. இந்தப் பிறை என் பாட்டனார் கண்டுபிடித்தது. இந்த நாட்டில் வேறு யாருக்கும் வராது. இது எங்கள் வீட்டுக் கை" என்றேன்.

கரவீரன் சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்தபடியே கேட்டான். "உங்கள் வீட்டில் எத்தனை பேர் பூதிலா?"

அப்போதுதான் ஐயா எனக்கே உறைத்தது. அந்த ஈரக் கத்தி. பக்கத்துத் தெருவில் ஒருத்தி. அதற்கு முன்னால் எனக்குத் தெரியவே தெரியாது. வாய் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் அவள் பெயரை நான் சொன்னதில்லை. அவனாகப் புரிந்துகொண்டான்.

நந்திலனை அங்கேயே முடித்தார்கள். ஒரே வெட்டு. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு என்னைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விகாரத்தில் அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடு ஆற்றில் வரும்போது குன்றின் மேல் புகை தெரிந்தது. பெரிய புகைதான். மதியம் ஆகிவிட்டது, சமையல் புகையாகக்கூட இருக்கலாம். படகுக்காரன் துடுப்பை வைத்துவிட்டு அழுதான். அவன் சுபாவம் அப்படி. அந்த விகாரத்தில் இப்போது யாரும் இல்லை என்கிறார்கள். பிக்குகள் ஓரிடத்தில் இருப்பார்களா என்ன, ஊர் ஊராகப் போகிறவர்கள்தானே. என் வரைக்கும் முப்பத்தொன்பது பேரை நான் காப்பாற்றினேன். அந்தத் திருப்தி எனக்கு உண்டு.

ஆடாதீர்கள் ஐயா. குரல்வளைப் பக்கம் வந்திருக்கிறேன்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் குதிரைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். முற்றத்தில் அவளைத் தூணோடு கட்டி நிறுத்தியிருந்தார்கள். அடித்திருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை போய்விட்டானா?"

"போய்விட்டான்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை வீரர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தினேன். "ஏனடி என்னிடம் சொல்லவில்லை? நான் உன் புருஷன் இல்லையா? அவன் எனக்கும் பிள்ளை இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இப்படி ஆகியிருக்குமா?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தால் நான்..." என்றேன். அத்தனை பேர் நடுவில் திடீரென்று கேட்டால் என்ன சொல்வது? யோசிக்க வேண்டாமா?

"முதல் நாளே சொல்லியிருப்பீர்கள். பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தான்" என்றாள். அவ்வளவுதான். முப்பது வருஷம் சோறு போட்டவனைப் பார்த்து அப்படிச் சொன்னாள். பக்கத்தில் நின்ற வீரன் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் சந்தைச் சதுக்கத்தில் அவளை யானைக் காலில் இட வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முன் தலையை மழித்து, கரி பூசி, கழுதை மேல் ஏற்றி நாலு தெருவும் கொண்டுவர வேண்டும். ராஜத்துரோகிக்கு அதுதான் வழக்கம். நான் விடியற்காலையிலேயே கரவீரனிடம் ஓடினேன். காலில் விழுந்தேன். யாருக்காக? அவளுக்காகத்தான். உயிரைக் கேட்டால் கொடுக்க மாட்டான், எனக்குத் தெரியும், அதைக் கேட்டு என் மீதும் சந்தேகம் வந்தால் என்ன பிரயோஜனம்? அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். "தலையை நான் மழிக்க அனுமதிக்க வேண்டும். வேறு எவனாவது கண்டபடி இழுத்துக் காயப்படுத்தக் கூடாது. அவளுக்கு மெல்லிய தோல்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். "சரி, செய்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் சவரம் செய்துகொள்ளவே இல்லை. அன்றைக்கே வேறு ஆளை வைத்துக்கொண்டான். கோட்டை வீடும் கிடைக்கவில்லை. ஊரில் ஒருவரும் என் முன்னால் உட்கார வரவில்லை. தாடி முழங்கால் வரைக்கும் வளர்ந்தாலும் பூதிலன் கத்தி வேண்டாம் என்றார்கள். அதனால்தான் மூன்று ராஜ்யம் தள்ளி இந்தத் துறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். போகட்டும். அதெல்லாம் எனக்குப் பெரிய குறை இல்லை. மேலோருடைய மனசு மாறும், ஊருடைய வாயும் மாறும், பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறு.

சந்தைச் சதுக்கம். ஊரே கூடியிருக்கிறது. சத்தம் இல்லை. எல்லோருக்கும் அவள்தானே பிரசவம் பார்த்தவள், அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். யானை ஒரு பக்கம் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அவளை மண்டியிட வைத்திருக்கிறார்கள். நான் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, வெந்நீரில் எண்ணெய் கலந்து எடுத்துக்கொண்டு போனேன். விதவைகளுக்கு மழிப்பது போலப் பச்சைத் தண்ணீரில் செய்ய எனக்கு மனம் இல்லை. கத்தியை மூன்று முறை தீட்டினேன். அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தேன். நரை கலந்திருந்தது. முன்பெல்லாம் அவ்வளவு நரை நான் பார்த்ததில்லை. "சுமனை, பயப்படாதே, நான்தான்" என்றேன். காதருகில் மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் தலையை என் கையிலிருந்து விலக்கிக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எதிரில் நின்ற காவலனை நிமிர்ந்து பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஐயா, வேறு நாவிதர் இல்லையா?"

நூற்று முப்பது வருஷம் அரசர்களுக்கு மழித்த குடும்பம் ஐயா எங்களுடையது. தெருவில் போகிற எவனும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் சொந்தப் பெண்டாட்டி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில்.

காவலன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவனும் அவள் கையில் பிறந்தவனாக இருக்க வேண்டும். என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினான். கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். சந்தையில் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிற ஒருவன், பெயர்கூட எனக்குத் தெரியாது, அவன் முன்னால் வந்தான். அழுதுகொண்டே வந்தான். அவள் அவனுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள். கை பழக்கமில்லாத பயல். எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை, கத்தி மொண்ணை. மூன்று இடத்தில் வெட்டிவிட்டான் ஐயா, நெற்றியில் ஒன்று, உச்சியில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. ரத்தம் கண்ணில் வழிகிறது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. "நன்றாகச் செய்தாய் அப்பா" என்று அவனிடம் சொன்னாள்.

என்ன நன்றாகச் செய்தான்? நீங்களே சொல்லுங்கள். நான் செய்திருந்தால் ஒரு கீறல் இருந்திருக்குமா?